பெரட்டுக்கு வந்த ரோஜாக் கன்றுகள்

ரோஜா விதை முளைக்காவிட்டால் உங்களை யாரும் திட்ட மாட்டார்கள். விதையைத் திட்டுவார்கள், விதை அனுப்பியவனைத் திட்டுவார்கள், மிஞ்சிப்போனால் மழையைத் திட்டுவார்கள். முளைத்து, இரண்டு இலை காட்டி, அதற்கு மேல் அசைய மாட்டேன் என்று நின்றுவிட்டால்தான் வம்பு. அன்றைக்குத் தோட்டத்தில் உள்ள அத்தனை பேருக்கும் திடீரென்று விவசாயம் தெரிந்துவிடும்.

புதிதாக வெளிக்கள உத்தியோகத்துக்கு வந்திருக்கிற தம்பிமாரே, தங்கச்சிமாரே, நாற்று வளராமல் நிற்பது பற்றி உங்களுக்கு நாலு வார்த்தை எழுதித் தரும்படி கேட்டிருக்கிறார்கள். மண்ணின் புளிப்பு எவ்வளவு இருக்க வேண்டும், எந்த மருந்தை எப்போது அடிக்க வேண்டும் என்பதெல்லாம் உங்கள் பாடப் புத்தகத்தில் இருக்கிறது. கைபேசியில் தட்டினால் அதுவே வாய் திறந்து சொல்கிறது. நான் அதைத் தொடப்போவதில்லை. கன்றைப் பார்க்க வருகிறவர்களுக்கு வருகிற நோய் ஒன்று இருக்கிறது. அதைப் பற்றி எந்தப் புத்தகத்திலும் போடவில்லை. ஆகவே நான் போடுகிறேன்.

ஓய்வு பெறும்வரை அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் கண்டாக்கு. பஸ்ஸில் டிக்கெட் கிழிக்கிறவர் இல்லை என்று வெளியூர்க்காரர்களுக்கு விளக்கியே பாதி ஆயுள் போய்விட்டது. காலையில் ஆட்களுக்கு வேலையைப் பிரித்துக் கொடுத்து, மாலைவரை அதைப் பார்த்து, கடைசியில் தொரையிடம் பேச்சு வாங்குவதுதான் எங்கள் உத்தியோகம். தொரை என்றால் தோட்டத்து மேனேஜர். வெள்ளைக்காரன் போய் எத்தனையோ காலமாகியும் அந்தப் பெயரை மட்டும் விட்டுவிட்டுப் போய்விட்டான்.

எங்கள் கம்பனி பழைய பங்களா ஒன்றை ஹோட்டலாக்கியது. நல்ல வியாபாரம். அப்போது கொழும்பிலிருக்கிற சேர்மனுக்கு ஓர் ஆசை வந்தது. காசு கொடுத்து வாங்கிய ரோஜா நுவரெலியாவில் எல்லா வீட்டு வாசலிலும் நிற்கிறது, நமக்கென்று விதையிலிருந்து நாமே உண்டாக்கிய ரோஜா ஒன்று வேண்டும், ஏப்ரல் சீசனுக்கு வருகிற விருந்தாளிகள் அதைப் பார்க்க வேண்டும் என்றார். தொரை உடனே "யெஸ் சேர்" என்றார். சேர்மன் எதைச் சொன்னாலும் எங்கள் தொரைக்கு வாயில் முதலில் வருவது அதுதான். பிறகுதான் காதில் விழும்.

நல்ல மனிதர்தான் அவர், குறை சொல்லக்கூடாது. தேயிலை தெரியும், கணினி தெரியும், ஆட்களிடம் வேலை வாங்கத் தெரியும். காத்திருக்க மட்டும் தெரியாது.

பங்களாத் தோட்டத்து ரோஜாக்களில் காய் பழுத்ததும் விதை எடுத்தோம். குளிரில் கிடந்தால்தான் அது முளைக்கும் என்பதால் ஹோட்டல் குளிர்பெட்டியில் வெண்ணெய்க்குப் பக்கத்தில் வைத்தோம். சமையல்காரர் தினமும் முறைத்தார். அதன் பிறகு கீழே ஓடைக்கரை நர்சரியில் தட்டுகளில் விதைத்தோம். அந்த நர்சரியைப் பார்த்துக்கொண்டவள் செல்வராணி.

செல்வராணியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தேயிலைக் கொழுந்து மூட்டையோடு மலையில் சறுக்கி விழுந்து இடுப்பு போனவள். நடப்பாள், நிற்பாள், குனிந்து வேலை செய்வாள். ஏற மட்டும் முடியாது. தோட்டத்தில் சமதரை என்று இருந்தது அந்த நர்சரியும், அதிலிருந்து பாக்டரிக்குப் போகிற ரோட்டும்தான். அதனால் அங்கே அவளைப் போட்டிருந்தோம். வேலையில் சுத்தம், வாயில் சுத்தம் கிடையாது. கன்றோடு பேசுவாள். அது கேட்காவிட்டால் கன்றையும் திட்டுவாள்.

விதைத்த அன்றே தொரை கூப்பிட்டுத் தெளிவாகச் சொல்லிவிட்டார். "கண்டாக்கு, இந்த ரோசா சரிவரலைன்னா அந்த நர்சரி நமக்கு வேணாம். ஹோட்டலுக்கு வர்ற வாகனம் நிப்பாட்ட எடம் இல்ல. அங்க வேல செய்யிற ஆளு மலைக்குப் போய் கொழுந்து எடுக்கட்டும்."

நான் போய் இதைச் செல்வராணியிடம் சொன்னேன். அவள் தண்ணீர்ப் பூவாளியைக் கீழே வைத்தாள்.

"மலைக்குப் போறதுக்கு நான் நேரா சுடுகாட்டுக்கே போயிருவேன் கண்டாக்கையா. அதாச்சும் எறக்கத்துல இருக்கு."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அன்றைக்குத்தான் எனக்கு இந்த ரோஜா விவகாரம் யாருடைய தலையில் விடியப்போகிறது என்பது உறைத்தது.

விதை முளைத்தது. வரிசை வரிசையாகப் பச்சை தெரிந்ததும் தோட்டமே கொண்டாடியது. தொரை என்னைப் படம் பிடிக்கச் சொல்லி வாட்ஸ்அப் குழுவில் போட்டார். சேர்மன் பெருவிரலைத் தூக்கிக் காட்டுகிற பொம்மையைப் பதிலாக அனுப்பினார். அந்தப் பொம்மையை அவர் அனுப்பாமலே இருந்திருக்கலாம். தினமும் அது வேண்டும் என்ற பசி எங்கள் தொரைக்கு அன்றைக்கே பிடித்துக்கொண்டது.

கன்றுகள் முதல் இலை விட்டன. பிறகு நின்றன. ரோஜாவின் சுபாவமே அது. மேலே கொஞ்சம் காட்டிவிட்டு, கீழே வேர் பிடிக்கிறவரை சும்மா இருக்கும். வெதுவெதுப்பும் வெளிச்சமும் கொடுத்து, மண் காயாமல் பார்த்துக்கொண்டு, நாமும் சும்மா இருந்தால் போதும். இந்தக் கடைசி விஷயம்தான் உலகத்தில் எந்த மேனேஜராலும் முடியாதது.

"வேர் விடுதுங்க சேர். கொஞ்ச நாள் இப்பிடித்தான் நிக்கும்" என்றேன்.

"அப்ப வேரைப் படம் புடிச்சி அனுப்பு."

"வேர் மண்ணுக்குள்ள இருக்குங்களே சேர்."

"அது எனக்குத் தெரியாதா? புடுங்கிப் படம் புடி."

பிடுங்கினோம். நல்ல வெள்ளை வேர், பார்க்கவே அழகாக இருந்தது. சேர்மன் பெருவிரல் காட்டினார். அந்தக் கன்று அன்றைக்கே செத்தது. மறுநாள் வேர் எவ்வளவு கூடியிருக்கிறது என்று கேட்டார் தொரை. செத்த கன்றுக்கு வேர் வளராது என்று நான் சொல்லவில்லை. வேறொன்றைப் பிடுங்கினோம். வளர்ச்சியைக் காட்டுவதற்காகவே தினம் ஒரு கன்றைக் கொன்றுகொண்டிருந்தோம். உங்களுக்கு இது கிறுக்குத்தனமாகத் தெரியலாம். நீங்களும் ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேருங்கள், பிறகு பேசுவோம்.

அடுத்ததாகக் கொழும்பிலிருந்து ஒரு நிபுணர் தொலைபேசியில் வந்தார். கன்றைக் கண்ணால் பார்க்காமலே உரம் போடச் சொன்னார். போட்டோம். இலை ஓரம் கருகியது. கருகியதைச் சொன்னதும் தண்ணீரைக் கூட்டச் சொன்னார். கூட்டினோம். தட்டில் பாசி பிடித்தது. பாசிக்கு ஒரு மருந்து சொன்னார். இதற்கிடையில் செல்வராணி தன் பங்குக்கு மாரியம்மன் கோயில் திருநீற்றைத் தட்டு முழுக்கத் தூவி வைத்திருந்தாள். எனக்கு வந்ததே கோபம்.

"அறிவிருக்கா உனக்கு? கன்னு மேல போய் இதைக் கொட்டி வச்சிருக்கே!"

"தொரை ஒரம் போட்டா அது விஞ்ஞானம், நான் துண்ணூறு போட்டா மட்டும் அறிவில்லாத வேலையா? ரெண்டுலயும் கன்னு வளரல. என்னோடதுல எலயாவது கருகாம இருந்துச்சி."

போய் வேலையைப் பார் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். பதில் வராதபோது உத்தியோகத்தர்கள் சொல்கிற வாக்கியம் அது. நீங்களும் சீக்கிரம் பழகிக்கொள்வீர்கள்.

பிறகுதான் தொரைக்கு அந்த யோசனை உதித்தது.

தோட்டத்தில் எதுவுமே பெரட்டில்தான் தொடங்கும். விடிந்தும் விடியாத நேரத்தில் எல்லோரும் களத்தில் வந்து நிற்க, பெயர் கூப்பிட்டு, வேலை பிரித்து, முதல் நாள் வேலை குறைந்தவர்களைத் திட்டி அனுப்புவது. எந்தப் பிரச்சினைக்கும் எங்களுக்குத் தெரிந்த வைத்தியம் அதுதான். கொழுந்து குறைந்தால் பெரட்டில் திட்டுவோம், கூடினால் ஏன் நேற்றே கூடவில்லை என்று திட்டுவோம்.

"கண்ணுல படாத ஆளு வேல செய்ய மாட்டான் கண்டாக்கு," என்றார் தொரை. "கன்னும் அப்பிடித்தான். நாளையில இருந்து தட்டு எல்லாத்தையும் பெரட்டுக்குக் கொண்டு வரச் சொல்லு. நானே அளந்து பாக்குறேன்."

"அந்த நேரத்துல பனிக் குளிரு பொல்லாததுங்க சேர்."

"ஆளுங்க நிக்கலியா?"

ஆளுங்க நின்றார்கள். அதனால் கன்றுகளும் நின்றன. காலையில் செல்வராணி நர்சரிக் கொட்டகையின் கதகதப்பிலிருந்து தட்டுகளைத் தூக்கிக்கொண்டு, ரோட்டு வழியே குலுங்கக் குலுங்க நடந்து, பாக்டரிக்குப் பக்கத்திலிருக்கிற பெரட்டுக் களத்துக்கு வருவாள். பனி முகத்தில் அடிக்கும். பெயர் கூப்பிட்டு முடிந்ததும் தொரை பள்ளிப் பிள்ளைகள் கோடு போடுகிற அடிமட்டம் ஒன்றை எடுத்துக் கன்றுகளை அளப்பார். குளிரில் விறைத்த கன்று எங்கே வளர்வது? இலை ஊதா நிறமாகி, இன்னும் சுருண்டுதான் போனது.

"நேத்தும் இதே ஒசரம். இன்னைக்கும் இதே ஒசரம். கொஞ்சமாவது வெக்கம் வேணாம்?" என்று தொரை கத்துவார்.

செல்வராணி என் பக்கம் சாய்ந்து மெதுவாகக் கேட்டாள். "யாரைக் கேக்குறாரு கண்டாக்கையா? என்னையா, கன்னையா?"

"ரெண்டு பேரையும்தான். பேசாம நில்லு."

கிண்டலாகத்தான் சொன்னேன். ஆனால் அவள் தட்டில் மிச்சமிருந்த கன்றுகளை எண்ண ஆரம்பித்தாள். தட்டில் நாளுக்கு நாள் வெறும் மண் கூடிக்கொண்டு வந்தது. எல்லாம் செத்தால் அவள் மலைக்கு. சேர்மன் படம் கேட்டு நச்சரிக்க ஆரம்பித்திருந்தார். தொரை ஒருநாள் நர்சரி நிலத்தை அளக்க ஆட்களை அனுப்பினார். அவர்கள் நான்கு மூலையிலும் முளையடித்துக் கயிறு கட்டிவிட்டுப் போனார்கள். செல்வராணி அந்தக் கயிற்றுக்குள் உட்கார்ந்து சோறு தின்றாள். நான் பார்த்தும் பார்க்காத மாதிரி போனேன். மனசு கேட்கவில்லை, ஆனால் என்ன செய்வதென்றும் தெரியவில்லை.

வழி காட்டியவர் வேறு யாருமில்லை, தொரையேதான்.

ஒரு காலையில் ஒரு பெண் கைப்பிள்ளையோடு பெரட்டுக்கு வந்து நின்றாள். பிள்ளை பனியில் தும்மிக்கொண்டிருந்தது. தொரைக்குக் கோபம் வந்துவிட்டது. "இந்தக் குளிர்ல பச்சப் புள்ளையை எதுக்குத் தூக்கிட்டு வந்தே? பெரட்டுக்குப் புள்ளையா வரணும்? கொண்டு போய் புள்ளைக் காம்பராவுல விடு. மொதல்ல அது வளரட்டும்."

நான் தட்டைப் பார்த்தேன். தட்டைத் தூக்கி நின்ற செல்வராணி என்னைப் பார்த்தாள்.

"சேர்," என்றேன், "இந்தக் கன்னுங்களும் பச்சப் புள்ளைங்கதானுங்களே?"

"புள்ளைக்கு சேர்மன் படம் கேக்க மாட்டாரு. கன்னுக்குக் கேப்பாரு. நாளைக்கும் கொண்டு வா."

நேர்வழியில் கேட்டுப் பார்த்தாகிவிட்டது. இனி எந்த வழியில் போனாலும் என் மனச்சாட்சி என்னைக் கேட்க முடியாது. அன்றைக்கே மிச்சமிருந்த கன்றுகளைக் கூடையில் வைத்து, மேலே துணி போட்டு, பாக்டரி ரோட்டோரம் இருக்கிற பிள்ளைக் காம்பராவுக்குக் கொண்டு போனோம்.

தாய்மார் மலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற இடம் அது. பால் காய்ச்சுகிற அடுப்பு பகல் முழுக்க எரியும். யாரோ புண்ணியவான்கள் பெரிய கண்ணாடி ஜன்னல் போட்டுக் கொடுத்திருந்தார்கள். தோட்டம் முழுக்கத் தேடினாலும் அதைவிட நல்ல நர்சரி கிடைக்காது. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற மேரி அக்கா இடுப்பில் ஒரு குழந்தையோடு வாசலை மறித்து நின்றாள்.

"இதென்ன கண்டாக்கையா, செடிக்கெல்லாம் நான் பால் குடுக்கணுமா?"

"ஒண்ணும் குடுக்க வேணாம். யாரு கேட்டாலும் ஒண்ணும் சொல்ல வேணாம். தொட வேணாம், அளக்க வேணாம், படம் புடிக்க வேணாம். செல்வராணி வந்து பாத்துக்குவா."

"அப்ப என்னதான் செய்யணும்?"

"சும்மா இருக்கணும்."

"இந்த வேலைக்கு எங்க சம்பளம் குடுக்குறாங்க, சொல்லுங்க, எனக்கும் எழுதி வையுங்க" என்று சொல்லிக்கொண்டே ஜன்னலோரப் பலகையில் இடம் ஒதுக்கிக் கொடுத்தாள். குழந்தைகளுக்கு எட்டாத உயரம். நன்றாகத்தான் இருந்தது.

பெரட்டுக்கு யாரை அனுப்புவது? ஆட்கள் குடியிருக்கிற லயத்துக்குப் பின்னால், சாக்கடையோரம், முள்ளுப்பழச் செடி தானாக முளைத்துக் கிடக்கும். அதுவும் ரோஜா ஜாதிதான். இலை ஓரம் ரம்பம் ரம்பமாக இருக்கும். சின்னதாக இருக்கையில் சட்டென்று வித்தியாசம் தெரியாது. அதில் நல்லதாகப் பார்த்துப் பிடுங்கித் தட்டில் நட்டாள் செல்வராணி. நட்டு முடித்துவிட்டுப் பயந்துபோய்க் கேட்டாள். "கண்டுபுடிச்சிட்டாருன்னா?"

"அவரு ஒசரத்தைத்தான் பாப்பாரு. செடியைப் பாக்க மாட்டாரு."

முள்ளுப்பழத்துக்குப் பனியாவது, குளிராவது! சாக்கடையில் வளர்ந்த வைராக்கியம் அதற்கு. பெரட்டுக் களத்தில் அது தினமும் வளர்ந்தது. தொரை அடிமட்டத்தை வைத்துப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி வைத்துப் பார்த்தார்.

"பாத்தியா கண்டாக்கு? திட்டுனதுமே வளருது!"

"ஆமாங்க சேர். ரோசம் உள்ள செடி."

சேர்மனிடமிருந்து பெருவிரல் பொம்மைகள் மறுபடி வந்து குவிந்தன. நர்சரியைச் சுற்றிய கயிறு அவிழ்ந்தது. செல்வராணியின் முகத்தில் கொஞ்சம் ரத்தம் வந்தது. பிள்ளைக் காம்பராவிலே யாரும் திட்டாமல், யாரும் அளக்காமல், உண்மையான ரோஜாக்கள் ஊதா நிறம் மாறிப் பச்சையாகி, மெல்ல அடுத்த இலை விட்டன. பிறகு அதற்கடுத்தது. வேர் பிடித்தபின் அவற்றைப் பைகளில் மாற்றி நர்சரிக்கே கொண்டுவந்தோம். தொரை அங்கே இறங்கி வர மாட்டார். ஓடைக்கரையில் அட்டை கடிக்கும். தட்டில் இருந்ததில் கொஞ்சத்தைப் பையில் மாற்றியிருக்கிறோம் என்று சொன்னேன், தலையை ஆட்டினார். எந்தத் தட்டு என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ரோஜா மொட்டு விட்டது. இத்துனூண்டு செடியில் ஒரு மொட்டு, பிறகு இன்னொன்று. முதல் பூ விரிந்தபோது செல்வராணி என்னைக் கூப்பிட ஆள் அனுப்பினாள். வெளிர் ரோஸ் நிறம். அடுக்கு அதிகமில்லை, வாசனை உண்டு. நாங்கள் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம். அந்த உத்தியோகத்தில் எனக்குச் சந்தோஷமான காலைகள் அதிகம் இருந்ததில்லை. அது ஒன்று.

நல்லது நடந்தால் அதைப் பார்க்கப் பெரியவர்கள் வருவார்கள். சேர்மன் வந்தார்.

பெரட்டுக் களத்துக்கே வந்தார். அவரும் ஒரு காலத்தில் மலையில் தொரையாக இருந்தவர். தோட்டத் தமிழை மறக்கவில்லை. களத்தில் மேசை போட்டு வெள்ளைத் துணி விரித்து, ஒரு பக்கம் பூத்த ரோஜாப் பைகள், மறுபக்கம் பெரட்டுக்கு வருகிற அந்தத் தட்டு. நான் தட்டை வைக்க வேண்டாமென்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். தொரை கேட்கவில்லை. அதுதான் அவருடைய பெருமை. தட்டிலிருந்தது இப்போது முழங்கை உயரம் வளர்ந்து, முள்ளும் விட்டு, கொழுகொழு என்று இருந்தது.

சேர்மன் ரோஜாவை முகர்ந்தார். மகிழ்ந்துபோனார். தொரை தம்முடைய முறையை விளக்கினார்: தினசரிப் பெரட்டு, தினசரி அளவு, தினசரிக் கண்டிப்பு. சேர்மனின் கண் விரிந்தது.

"ஃபென்டாஸ்டிக்! இதை டூரிஸ்ட் பாக்கணும். நர்சரியை மேல, ஹோட்டல் வியூ பொயின்ட் பக்கம் கொண்டு போங்க. காலையில ரோசாவுக்குப் பெரட்டு. இந்தப் பொம்பளையே கூடையோட தட்டைத் தூக்கிட்டு மேல வரட்டும். வெள்ளைக்காரங்க படம் புடிப்பாங்க."

"யெஸ் சேர்," என்றார் தொரை.

வியூ பொயின்ட் என்பது மலையின் உச்சி. அங்கே ஏறுகிற பாதை ஆடுகூட யோசித்து ஏறுகிற பாதை. கன்று செத்திருந்தால் செல்வராணி மலைக்குப் போக வேண்டும். கன்று பூத்தது, அதற்காகவும் மலைக்குப் போக வேண்டும். தோற்றாலும் மலை, ஜெயித்தாலும் மலை. தோட்டத்து நியாயம் இது. நான் அவளைத் திரும்பிப் பார்க்கப் பயந்தேன்.

அவள் வரிசையிலிருந்து வெளியே வந்தாள்.

"ஐயா, பெரட்டுக்கு வந்தது ரோசாவே இல்லீங்க."

"என்ன?" என்றார் சேர்மன்.

"முள்ளுப்பழம்ங்க. எங்க லயத்துக்குப் பின்னால சாக்கடையில மொளைக்கிறது. பெரட்டுக்கு வந்த ரோசாவெல்லாம் குளிர்ல செத்துப்போச்சிங்க. பூத்திருக்கிறது பெரட்டுக்கு வராத கன்னு. அது கீழ சும்மா இருந்துச்சி, பூத்திருச்சி. என்னால மேல ஏற முடியாதுங்கய்யா. இடுப்பு போயிருச்சி. கெஞ்சிக் கேக்குறேன்."

சேர்மன் குனிந்து தட்டிலிருந்து ஓர் இலையைக் கிள்ளி, புரட்டிப் பார்த்தார். மலையில் இருந்தவர் அல்லவா, தெரிந்துவிட்டது. நிமிர்ந்து தொரையைப் பார்த்தார். தொரையின் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. வரிசையில் பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

பிள்ளைகளே, நான் சொல்ல வந்தது இந்த ஒரு நிமிடத்தைத்தான். உரத்தையும் மண்ணையும் பற்றி யார் வேண்டுமானாலும் சொல்லித் தருவார்கள். இந்த நிமிடத்தில் தொரையைச் சாய்க்க எனக்கு ஒரு வார்த்தை போதும். அடிமட்டம், திட்டு, பிடுங்கிய வேர் எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனியில் வந்து நின்றது. ஆனால் சேர்மன் மத்தியானம் கொழும்புக்குப் போய்விடுவார். அவமானப்பட்ட தொரை இங்கேயே இருப்பார், செல்வராணியும் இங்கேயே இருப்பாள். மூலையில் மாட்டியவருக்குக் கதவு ஒன்று திறந்துவிட்டால்தான் அந்தக் கதவு வழியாக நாமும் தப்பலாம்.

"சேர்," என்றேன் சேர்மனைப் பார்த்து, "ரெண்டையும் ஒப்பிட்டுப் பாக்கத்தானுங்க இது. ஒரு பக்கம் பெரட்டுக்கு வர்றது, ஒரு பக்கம் வராதது. இல்லீங்களா சேர்?" என்று தொரையின் பக்கம் திரும்பினேன்.

தொரை என்னைப் பார்த்தார். மூச்சு வாங்கினார். நான் கதவைக் கொஞ்சம்தான் திறந்தேன். அவர் கதவு, நிலை, சுவர் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்.

"எக்ஸாக்ட்லி சேர்! இது ஒரு பரிசோதனை. குளிரையும் குலுக்கலையும் தாங்குறது காட்டுச் செடி மட்டுந்தான்னு நிரூபிக்கத்தான் இந்தத் தட்டு. ரோசாவை நான் தனியா, அமைதியா வளக்கச் சொல்லியிருந்தேன். மொளைச்ச ரோசாவை அளக்கக் கூடாது, தூக்கக் கூடாது, சேர். நான் ஆரம்பத்துல இருந்தே சொல்லிட்டு வர்றேன்."

எனக்கு மயக்கம் வராத குறை.

"அப்ப நீங்க இவ்வளவு நேரம் பெரட்டைப் பத்திச் சொன்னது?" என்றார் சேர்மன்.

"அது பரிசோதனையோட மொதல் பாகம், சேர்."

"அப்ப நர்சரியை மேல கொண்டு போறது?"

தொரை தம் வாழ்க்கையிலேயே "யெஸ் சேர்" சொல்ல முடியாத ஒரே இடத்தில் வந்து நின்றார். சொன்னால் பரிசோதனை பொய்யாகிவிடும்.

"கூடாது சேர்," என்றார் கடைசியில். "அசைச்சா வளர்ச்சி நின்னுடும். அந்த இடமும் மாறக்கூடாது, பாக்குற ஆளும் மாறக்கூடாது."

சேர்மனுக்கு எவ்வளவு நம்பிக்கை வந்ததோ தெரியாது. மலையில் இருந்தவர், அவரும் ஒரு காலத்தில் இப்படிச் சில கதவுகள் வழியாக வெளியே வந்திருப்பார். சிரித்துக்கொண்டே ஒரு ரோஜாவை மட்டும் பறித்துச் சட்டையில் குத்திக்கொண்டு போய்விட்டார்.

பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். முளைத்த நாற்றைத் தொந்தரவு செய்யாமலிருப்பதன் மகத்துவம் பற்றித் தொரை கம்பனிக் கூட்டத்தில் படம் காட்டிப் பேசினார். கைதட்டல் கிடைத்ததாம். உங்கள் பயிற்சியில் அந்தப் பாடத்தை யாராவது எடுத்திருந்தால் குறித்துக்கொள்ளுங்கள், விஷயம் சரியானதுதான். சொன்னவரைப் பற்றித்தான் எனக்குக் கொஞ்சம் அபிப்பிராய பேதம்.

அந்தக் காலையில் சேர்மனின் வண்டி போனதும் நானும் செல்வராணியும் ரோஜாப் பைகளைத் தூக்கிக்கொண்டு நர்சரிக்கு நடந்தோம். நான்தான் ஆரம்பித்தேன்.

"பாத்தியா அநியாயத்தை? கஷ்டப்பட்டது நீ, உண்மையைச் சொன்னது நீ. அந்த மனுசன் வாய் கூசாம ஒரு பொய்யைச் சொல்லிப் பேரைத் தட்டிட்டுப் போயிட்டாரு."

செல்வராணி நின்றாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒருமுறை மலை உச்சியை அண்ணாந்து பார்த்தாள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது அவளுக்கு.

"சும்மா இருங்க கண்டாக்கையா. உண்மையை நான் சொன்னப்ப அந்த மலை என் தலை மேலயேதான் நின்னுச்சி. அந்தப் புண்ணியவான் பொய் சொன்ன பொறகுதானே எறங்கிப் போச்சி."